ஆர்டர் போச்சு, கான்ட்ராக்ட் போகல

திருப்பூர்

கண்ணு,

போன்ல சொன்னா "சரிப்பா, சரிப்பா"ன்னுட்டு வச்சிடுவே. அதனாலதான் எழுதறேன். எழுதி முடிச்சதும் உங்கம்மா படம் புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்புவா.

போன வாரம் வந்திருந்தப்ப சாப்பிட்டுக்கிட்டே போனைக் காட்டினியே, அந்தக் கரன்சி வியாபார ஆப்புல, நிஜப் பணம் இல்லாம பழகற டெமோ அக்கவுன்ட்ல பத்தாயிரம் டாலர் பதினேழாயிரம் ஆனதை. அதோட நிறுத்தியிருந்தா பரவால்ல. நிஜப் பணத்தையும் போட்டுட்டு, "அமெரிக்காவுல பொருளாதார மந்தம் வருதுப்பா, டாலர் விழும், யூரோ வாங்கிப் போட்டா போதும்"னு சொன்னே பாரு, எனக்கு ரசம் தொண்டையிலயே நின்னுடுச்சு. டாலர் விழும்னு நானும் ஒரு காலத்துல சத்தியம் பண்ணாத குறையா நம்பினேன்.

2007-ல் டாலர் 44 ரூபாயில இருந்து 39-க்கு இறங்குச்சு. பனியன் கம்பெனிக்காரன் எவனுக்கும் தூக்கம் இல்ல. ஒரு டாலருக்கு அஞ்சு ரூபா போனா, பீஸுக்கு மிச்சமாகற லாபம் அத்தனையும் போச்சு. டீக்கடையில உக்காந்தா 35-க்கு வந்துடும்னுதான் பேச்சு. அப்ப நாங்க கணக்கு வச்சிருந்த பேங்க்ல இருந்து ஒரு பையன் லேப்டாப்போட வந்தான். 2008 ஜனவரியில, வருஷக் கடைசி வரைக்கும் வர வேண்டிய டாலருக்கு 39 ரூபா 60 காசுன்னு ஃபார்வர்ட் போட்டேன். அன்னைக்கு டாலர் என்ன விலையில இருந்தாலும் இந்த விலைக்கே பேங்குக்குக் கொடுத்தாகணும்ங்கற கான்ட்ராக்ட் அது. கையில ஆர்டர் பாதிதான் இருந்துச்சு. போன வருஷ ஏற்றுமதியைக் காட்டியே மீதிக்கும் போடலாம்னாங்க, போட்டேன்.

செப்டம்பர் 15, லேமன் பிரதர்ஸ் மஞ்சக் கடுதாசி கொடுத்துச்சு. நம்மகிட்ட சரக்கு வாங்கற பையர் இருந்ததும் அமெரிக்காவுலதான். அக்டோபர்ல "ஷிப்மென்ட்டை நிறுத்தி வை"ன்னு ஒரு மெயில். நவம்பர்ல ஆர்டரே கேன்சல். கட்டிங் முடிஞ்ச துணி மேசை மேல அப்படியே கிடந்துச்சு. அதே நவம்பர்ல டாலர் 50 ரூபாயைத் தொட்டுது. எனக்கு வராத டாலர் எண்பதாயிரம். 50 ரூபா போட்டு வாங்கி 39.60-க்குக் கொடுத்ததா கணக்குப் பண்ணி வித்தியாசத்தைக் கட்டுன்னாங்க. எட்டு லட்சத்துக்கு மேல. பத்து ஓவர்லாக், ஆறு ஃபிளாட்லாக் தையல் மிஷின் வித்தேன். ஊரே வித்துக்கிட்டிருந்த நேரம், பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்டாங்க.

டாலர் ஏறினா ஏற்றுமதிக்காரனுக்குக் கொண்டாட்டம்னு நினைப்பே. ஆர்டர் இருந்தாத்தானே கண்ணு கொண்டாட்டம்? ஆர்டர் போச்சு, கான்ட்ராக்ட் போகல. என்னை விட மோசமா அடிபட்டவங்களும் இந்த ஊர்ல உண்டு. ஒரு டாலருக்கு இத்தனை சுவிஸ் ஃபிராங்குன்னு ஒரு விலையைக் குறிச்சு, டாலர் அதைத் தொடாத வரைக்கும் பணம் வரும், தொட்டா நாம கட்டணும்னு ஒரு கான்ட்ராக்ட். நூல் வாங்கித் துணி நெய்யறவனுக்கு ஃபிராங்கோட என்ன உறவு? 2008 மார்ச்ல டாலர் முதல் தடவையா ஒரு ஃபிராங்குக்குக் கீழ போச்சு, குறிச்ச விலையைத் தொட்டாச்சு. கோர்ட், கேஸுன்னு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. 2011-ல் ரிசர்வ் பேங்க் 19 பேங்குக்கு அபராதம் போட்டதோட சரி.

வீடு பத்திக்கிட்டது அமெரிக்காவுல, அப்புறம் டாலர் ஏன் ஏறுச்சு? உலகம் பூரா கடன் வாங்கியிருந்தது டாலர்ல. கடன்காரன் கழுத்தைப் புடிச்சா டாலரைத் தேடித்தானே ஓடணும்? வெளிநாட்டு ஃபண்டுக்காரங்க நம்ம பங்கை வித்து, ரூபாயை டாலராக்கி எடுத்துட்டுப் போனாங்க. பயந்த பணம் அமெரிக்க அரசாங்கப் பத்திரத்துல போய் ஒளிஞ்சுக்கிச்சு.

சரி, மந்தம்னா டாலர் ஏறும்னு நோட்டுல எழுதிக்காதே. 2025 ஏப்ரல்ல டிரம்ப் வரி அறிவிச்சப்ப பங்கும் விழுந்துச்சு, டாலரும் கூடவே விழுந்துச்சு. 2024 ஜூலையில டாலருக்கு 161 ஜப்பான் யென். ஆகஸ்ட் 5-ல் 142. குறைஞ்ச வட்டிக்கு யென் வாங்கி வேற இடத்துல போட்டிருந்தவங்க ஒரே நேரத்துல திருப்பிக் கட்ட ஓடினாங்க, அவ்வளவுதான். 2013-ல் மந்தமே இல்ல. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோட அப்போதைய தலைவர் பெர்னான்கி, பத்திரம் வாங்கறதைக் குறைக்கலாம்னு சொன்ன ஒரு பேச்சுக்கு ஆகஸ்ட்ல நம்ம ரூபா 68.80 வரைக்கும் சரிஞ்சுது. செய்தியைப் படிச்சு நீ பட்டனை அழுத்தறதுக்குள்ள, அதையே தொழிலா வச்சிருக்கறவன் வித்துட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

அப்புறம் அந்த 1:500, போட்ட பணத்தைப் போல ஐந்நூறு மடங்குக்கு ஆடறது. இருபதாயிரம் போட்டா ஒரு கோடிக்கு வியாபாரம்னு பெருமையாச் சொன்னே. கோடியில 0.2 சதவீதம் எவ்வளவு? அதே இருபதாயிரம். சும்மா இருக்கற நாள்லயே யூரோ அதுக்கு மேல ஆடும். நஷ்டம் இவ்வளவுக்கு மேல போனா தானா வித்துடற ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேன்னு சொல்லுவே. 2015 ஜனவரி 15-ல் சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழ போகாதுன்னு கட்டி வச்சிருந்த அணையைத் திடீர்னு உடைச்சுது. நிமிஷத்துல யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழ. நடுவுல வாங்க ஆளே இல்ல. ஸ்டாப் லாஸ் போட்டவங்க அக்கவுன்ட்டும் மைனஸ்ல போச்சு.

இன்னொண்ணும் கவனிச்சேன். நீ பணம் போட்ட ரசீதுல கம்பெனி பேர் இல்ல, யாரோ ஒரு தனி ஆள் பேருக்கு யுபிஐ போயிருக்கு. அங்கீகாரம் இல்லாத தளங்களை ரிசர்வ் பேங்க் 2022-லிருந்தே பட்டியல் போட்டு வருது, தேடிப் பார். பட்டியல்ல இல்லைன்னா யோக்கியம்னும் அர்த்தம் இல்ல. இங்க கரன்சி வியாபாரம்னா என்எஸ்இ, பிஎஸ்இ மாதிரி எக்சேஞ்சுலதான். அதுலயும் 2024 மே-யிலிருந்து, ரூபா சம்பந்தப்பட்ட கான்ட்ராக்ட்டுக்கு உனக்கு நிஜமா ஒரு டாலர் வரவோ செலவோ இருக்கணும். வெளிநாட்டுத் தளத்துக்கு மார்ஜின்னு முன்பணம் அனுப்பினா ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டத்துல மாட்டுவே. தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம்.

இதெல்லாம் கூட ரெண்டாம் பட்சம். உன் ஆபீஸ்ல ரெண்டு டீமைக் கலைச்சுட்டாங்கன்னு நீயேதான் சொன்னே. உன் கம்பெனிக்குக் கிளையன்ட் அமெரிக்கா. அங்க மந்தம்னா உன் சம்பளம் ஆடும். நீ போட்டிருக்கற பந்தயமும் அதே மந்தத்து மேலதான். எனக்கு நடந்ததும் இதே கதைதானே? வரவு நின்ன மாசமும் கட்ட வேண்டிய மாசமும் ஒண்ணா வந்துச்சு. ஆறு மாசச் சம்பளம் பேங்க்ல தனியா கிடக்கட்டும். அது சேர்ற வரைக்கும் டெமோவுல ஆடு, எத்தனை ராத்திரி வேணா ஆடு. தப்பா நடந்ததை மட்டும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வை.

இன்னைக்கே ஒரு காரியம் பண்ணு. அந்த ஆப்புல இருந்து அஞ்சாயிரம் ரூபா வெளிய எடுத்துப் பார். "முதல்ல வரி கட்டு, அப்புறம் தர்றோம்"னு பதில் வந்தா அதுக்கு மேல ஒரு பைசா போடாதே, சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்குப் போன் பண்ணிப் புகார் கொடு. திட்ட மாட்டேன்.

அடுத்த தடவை வர்றப்ப அந்த 2008 ஃபைலைப் பீரோவுல இருந்து எடுத்து வைக்கிறேன். கான்ட்ராக்ட்டை நீயே படி. கையெழுத்துப் போட்டப்ப நான் படிக்கல. உங்கம்மா கிட்ட நாலு லட்சம்னுதான் சொல்லி வச்சிருந்தேன். இதைப் படம் புடிக்கறப்ப அவ படிச்சிடுவா. ராத்திரி ஒரு போன் பண்ணு சாமி, பேச்சை மாத்தறதுக்காவது.

அப்பா