வரையாடு படமெடுக்க: லென்ஸுக்கு முன்னால் தேதி

ஆசிரியருக்கு,

கேரளத் தேசியப் பூங்காக்களுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்களுக்காகத் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த யோசனைகளில் லென்ஸ், டிரைபாட், மெமரி கார்டு எல்லாம் இருந்தன. எந்த மாதம் எந்தக் கேட் பூட்டியிருக்கும் என்பதுதான் இல்லை. உடுமலை வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறி வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவது பெரும்பாலும் இதனால்தான்.

கேரளத்தின் ஆறு தேசியப் பூங்காக்களில் ஐந்து இடுக்கிப் பக்கமே இருக்கின்றன. கூட்டம் வருவது இரவிகுளத்துக்கு. அங்கே வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் ராஜமலைக்கு, அதாவது பூங்காவில் பயணிகள் போகும் பகுதிக்கு, யாரையும் விடுவதில்லை. தேதி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் நகரும். வானம் தெளிந்த மாதமாயிற்றே என்று பிப்ரவரியில் அறை போட்டு வருகிறவர், பூங்கா நுழைவிடமான ஐந்தாம் மைலில் பூட்டிய கேட்டைத்தான் படமெடுத்துப் போக வேண்டும்.

என்ன படம் வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டால் மாதம் தானாக வந்துவிடும். தாயோடு குட்டி வேண்டுமானால் ஏப்ரலில் கேட் திறந்ததும் வரலாம். முதுகில் வெளிர்நிறப் பட்டையோடு கருத்து நிற்கும் பெரிய கிடாய் வேண்டுமானால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இணை சேரும் பருவம் அது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் ஒதுங்கியே திரியும் கிடாய்கள் அப்போது பெட்டைகளின் மந்தைக்குள் வந்துவிடும். ஆனால் மழை கொட்டும். கேமராவுக்கு மழையுறையும் துடைக்க இரண்டு பருத்தித் துண்டும் இல்லாமல் வரக் கூடாது. குறிஞ்சியைக் கேட்டு ஆகஸ்டுதோறும் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரவிகுளத்தில் மலை முழுக்கப் பூத்தது 2006-லும் 2018-லும். அடுத்தது 2030.

ராஜமலைக்கு 600 மி.மீ. லென்ஸ் வெறும் சுமை. சொந்த வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் ஏற வேண்டும். பெரிய பையை மடியில் வைக்கக்கூட இடமிருக்காது. ஆடுகள் பாதையோரத்திலேயே மேய்வதால் 70-200 மி.மீ. லென்ஸ் தாராளம், 24-105 கூடப் போதும். சிக்கல் தூரத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. மஞ்சு (மூடுபனி) இறங்கினால் வெள்ளைப் பரப்பைப் பார்த்து, கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள். கறுத்த பாறையில் கறுத்த கிடாய் நின்றால் நேர் எதிர்: −2/3 இறக்காவிட்டால் ரோமத்தின் நிறம் வெளுத்துப் போகும். மஞ்சில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கொம்பின் விளிம்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

பிஸ்கட்டை நீட்டி ஆட்டைக் கூப்பிடுவதும் தொட்டு செல்ஃபி எடுப்பதும் வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கும் கூட.

லென்ஸில் ஈரம் படியும் ஆபத்து மலைமேல் இருக்கும்போதைவிட இறங்கிய பிறகுதான் அதிகம். மூணாற்றுக் குளிரில் சில்லிட்ட கண்ணாடியைப் போடி வெக்கையில் சட்டென வெளியே எடுத்தால் உள்ளுக்குள் ஈரம் படியும். மேலேயே ஜிப் பையில் போட்டு இறுக மூடுங்கள். கீழே வந்து அரை மணி நேரமாவது கழித்துத் திறங்கள். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் சென்சார் மேலும் ஈரம் படியும்.

தென்மேற்குப் பருவமழையில் மூணாறு நனைந்துகொண்டிருக்கும் நாளிலும் மறையூருக்குக் கீழே சின்னார் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். மழை மறைவுப் பகுதி. தேசியப் பூங்கா அல்ல, சரணாலயம்தான். ஆனாலும் மாற்றுத் திட்டமாக இதைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைத் தேடலாம். கிளைக்குப் பின்னால் வெறும் வானம் என்பதால் இங்கும் எக்ஸ்போஷர் +1. உள்ளே நடப்பது வனத்துறை அனுப்பும் வழிகாட்டியோடு மட்டுமே. சாலையில் யானை நின்றால் படத்துக்காக வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

பெரியாறு தேசியப் பூங்காவுக்குப் படகில் போகும் தேக்கடியில் கதை வேறு. 2009-இல் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த பிறகு படகில் எழுந்து நிற்பதில் கண்டிப்பு அதிகம். டிரைபாடை விரிக்க வழியில்லை. விரித்தாலும் என்ஜின் அதிர்வு கால்வழி ஏறிப் படத்தைக் கலைக்கும். அதே காரணத்துக்காக முழங்கையைக் கம்பியில் ஊன்றவும் கூடாது. உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். 400 மி.மீ. இங்கேதான் பயன்படும். காலை 7.30 மணிப் படகில் கீழ்த்தட்டு கிடைத்தால் விடாதீர்கள்: கரையில் நிற்கும் காட்டெருமையின் கண்மட்டத்துக்குக் கேமரா வந்துவிடும். ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் விலங்குகள் காட்டுக்குள் சிதறிப் போகும், நீர் இறங்கும் கோடையில் கரைக்கு வரும். முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கி, இன்றும் நிற்கும் பட்டமரங்களில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு காய வைப்பது மட்டும் எப்போதும் கிடைக்கும்.

கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முன்பதிவுச் சீட்டைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடியில் சிக்னலை நம்ப முடியாது.

இரவிகுளம் மூடும் தேதியும் திறக்கும் தேதியும் தமிழில் எங்கும் ஒழுங்காக வருவதில்லை. ஜனவரி மூன்றாம் வாரம் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக அவற்றை வெளியிட முடியுமா? உடுமலை, போடி பேருந்து நிலையங்களில் அதையே ஒரு பலகையில் எழுதி வைக்க இரு மாநில வனத்துறையும் பேசி ஏற்பாடு செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மறையூர், இடுக்கி மாவட்டம்.