அல்சூர் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி பெங்களூர் அல்சூரில் நடந்த கேள்வி நேரமும் கவியரங்கமும் நல்லபடியாக முடிந்தன. வார்டு தேர்தலில் நிற்க நினைக்கும் கட்சிக்காரர்கள் கீழே உட்கார்ந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் மேடையிலிருந்து கேள்வி கேட்டார்கள். வழக்கமாகக் கட்சிக்காரர்கள் மேடையில் இருப்பார்கள், நாங்கள் முன்வரிசையில் சால்வைக்குக் காத்திருப்போம். இந்த மாற்றத்துக்குக் காரணமானவர்கள் நீங்கள்.

முதல் நன்றி ஷாமியானா கடை அண்ணனுக்கு. மேடை 45 செ.மீ. உயரம். ஒரு பங்கு ஏற்றத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. ஆக, வீல்சேர் ஏறும் சாய்தளம் 5.4 மீட்டர் வேண்டும். அவ்வளவு இடம் ஏது என்று தயங்கியவர், டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு முன்வரிசை நாற்காலிகளை எடுத்துப் போட்டார். 1.8 மீட்டரில் மூன்று துண்டுகள், இரும்புச் சட்டத்தின் மேல் 18 மி.மீ. பிளைவுட், அகலம் 1.2 மீட்டர், சக்கரம் நழுவாமல் இரு ஓரத்திலும் மரக்கட்டை. கீழேயும் மேலேயும் வண்டி திரும்ப ஒன்றரை மீட்டர் வெற்றிடம். மேடை என்றாலே சிவப்புக் கம்பளம் விரிப்பது நம் ஊர் வழக்கம். அதுதான் ஆபத்து. வீல்சேரின் முன்சக்கரங்கள் சின்னவை. கம்பளம் சுருண்டால் அதில் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். துண்டுகள் சேரும் இடத்தில் விரலளவு சந்து இருந்தாலும் அதே கதிதான். கம்பளம் அந்தச் சந்தையும் மறைத்துவிடும். அண்ணன் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, பலகைக்குப் பெயின்ட் அடித்து, ஈரம் காயுமுன் மணல் தூவினார். சந்துகளின் மேல் தகரப் பட்டை வைத்து ஒரு பக்கம் மட்டும் அறைந்தார், துண்டுகளைப் பிறகு பிரிக்க வேண்டுமே.

முதலில் பார்த்த ஒரு மண்டபத்தில், நாலு பசங்களை விட்டுத் தூக்கி வைத்துவிடலாம் என்றார்கள். தூக்குகிறவர்கள் கையில் சிக்குவது கழன்று வரும் கைப்பிடியும் கால்பலகையும்தான். பேட்டரி வீல்சேர்கள் பலவும் ஆள் இல்லாமலே 50 கிலோவைத் தாண்டும். அதைவிட முக்கியம், தன் போக்கில் மேடையேறியவர் கேட்கும் கேள்விக்கு ஒரு கனம் உண்டு. மூட்டை போலத் தூக்கி வைக்கப்பட்டவரைப் பார்த்து எல்லோரும் "பாவம்" என்றுதான் நினைப்பார்கள்.

கழிப்பறைக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றி மாட்டிய ஆசாரிக்கும் நன்றி. கதவு உள்ளே திறந்தால், வீல்சேர் உள்ளே போனபின் சாத்தவே முடியாது. அரை மணி நேர வேலைதான். ஆனால் மாலை முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் கொடுமையிலிருந்து பலரைக் காத்தது.

மைக்செட் தம்பிக்கு: திருவிழாப் பழக்கத்தில் போடும் எக்கோவை முழுசாக நிறுத்தினாயே, அதனால்தான் மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் பேச்சு புரிந்தது. மெய்யெழுத்துகள் மெதுவாக வரும் பேச்சில் எக்கோ அவற்றை விழுங்கிவிடும். உட்கார்ந்து பேசுவோருக்கு வளையும் கழுத்துள்ள ஸ்டாண்டும் வைத்தாய். பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொன்ன தங்கை, பேசியவர் தலையசைத்த பிறகே அடுத்ததற்குப் போனார். ஒரு சொல்லைக்கூட முந்திக்கொண்டு முடித்துக் கொடுக்கவில்லை. மூன்று நிமிடம் பத்து நிமிடமானது. முன்னால் இருந்தவர்கள் பொறுத்தார்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்ல! இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல அது. இங்கே கேள்வி தமிழில், பதில் கன்னடத்தில், நடுவே சைகை. அதனால் பேச்சுக் குறிப்புகளை முன்கூட்டியே வாங்கி, தெருப் பெயர்களுக்கு எல்லாம் சைகை பேசி வைத்துக்கொண்டீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினீர்கள். அதற்குமேல் போனால் கை சோர்வதற்கு முன் மனம் சோர்ந்து சொற்கள் விடுபடும். கரண்ட் போனபோது கட்சிக்காரர் பேசிக்கொண்டே போக, நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். இருட்டில் நம் காதுக்கு ஒன்றும் குறைவதில்லை, காது கேளாதோருக்கு எல்லாமே போய்விடுகிறது. டார்ச் உங்கள் முகத்தில் விழுந்த பிறகே பேச்சு தொடர்ந்தது. சைகைக் கவிதைக்குக் குரல் வேண்டாம் என்று கவிஞர் சொன்னதை மதித்து, சபை முழுக்கக் கைதட்டுவதற்குப் பதில் அமைதியாகக் கைகளை உயர்த்தி ஆட்டியது.

அச்சகத்து அக்காவுக்கு. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரும் உளறும், பிரெயிலுக்கு மாற்றும் மென்பொருளும் உளறும். நீங்கள் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றியதோடு, துணைக்கால் வரவேண்டிய இடத்தில் "ர" அடித்திருந்ததையும் தேடித் திருத்தினீர்கள். அந்தப் பிழை கண்ணில் படாது, காதிலும் விரலிலும் உடனே படும்.

வாக்களிக்கும் முறையை விளக்கிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு: வாக்கு இயந்திரத்தில் பட்டன்களை ஒட்டி பிரெயில் எண்கள் இருப்பதை அட்டை மாதிரியில் தொட்டுக் காட்டினீர்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல் விதிப்படி பார்வையற்றவர் 18 வயது நிரம்பிய துணையை அழைத்துப் போகலாம், ஒருவர் ஒரு நாளில் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணையாகலாம் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. தானே வாக்களிக்க முடிந்தவர்மேல் துணையைத் திணிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதற்கு எழுந்த கைதட்டல் பெரியது.

வந்த கட்சிக்காரர்களுக்கும் நன்றி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளையும் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டையும் அறிந்து வந்தவர்கள் சிலரே, மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2025இல் உள்ளாட்சி அமைப்புகளுக்கு மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழிசெய்தது போல இங்கும் வேண்டும் என்ற கோரிக்கையைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் எல்லோருக்கும் தெரிவிக்கிறோம்.

சாய்தளத்தின் மூன்று துண்டுகளும் ஷாமியானா அண்ணன் கிடங்கில் இருக்கின்றன. கோயில், சங்கம், கல்யாணம், யார் கேட்டாலும் வாடகை இல்லாமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்துப் போகும்போது இணைப்புக் கொக்கிகள் ஆறையும் எண்ணி வாங்குங்கள்.

அன்புடன்,
கூட்ட ஏற்பாட்டுக் குழு