லைட் பெயின்டிங்குக்கு காஸ்ட்லி லைட்டு எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல லைட் பெயின்டிங் போட்டோ (அதான், இருட்டுல கேமரா ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வச்சுட்டு லைட்டால கோடு வரையறது) பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, படமெல்லாம் சூப்பர், ஆனா கடைசில தேவையான சாமான்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்களே, அந்த வெலையெல்லாம் பாத்தா காலேஜ் பசங்க இந்தப் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டாங்க. 1949ல பிரான்ஸ்ல பிக்காசோ இருட்டு ரூம்ல காத்துலயே படம் வரைஞ்சப்ப ஜோன் மிலிங்கற போட்டோகிராஃபர் அத போட்டோ புடிச்சாரு, அன்னிக்கு பிக்காசோ கையில இருந்தது ஒரு சின்ன லைட்டு, அவ்ளோதான்.

பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுன்னு நெனச்சுதான் எல்லாரும் காச விடறாங்க. கேமராவ ட்ரைபாட்ல மாட்டி ஐஎஸ்ஓ (வெளிச்சத்த வாங்கற அளவு) 100, எஃப் (லென்ஸ் தொறப்பு) 8, ஷட்டர் தொறந்திருக்கறது 30 செகண்டுன்னு வச்சு பெரிய டார்ச்ச லென்ஸ் பக்கம் திருப்பிப் பாருங்க, கலரெல்லாம் போயி கோடு வெளுத்துடும். கோடு வரையறதுக்கு ஒரு சின்ன எல்இடியும் சிஆர் 2032 பட்டன் செல்லும் போதும், எல்இடியோட ரெண்டு காலையும் செல்லுக்கு ரெண்டு பக்கமா சொருகி டேப் ஒட்டுனா வேலை முடிஞ்சுது, சென்னைல இருக்கவங்க எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போனா எல்லா கலர்லயும் சில்லறை காசுக்கு அள்ளிட்டு வரலாம். (வீட்ல சின்னக் குழந்தை இருந்தா அந்த செல்ல கண்ணுல படாம வைங்க, முழுங்கிட்டா ரொம்ப ஆபத்து.)

டார்ச்தான் வேணும்னா வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே லோ மோடுல போட்டு வேகமா வீசிப் பாருங்க, சீரா கோடு தெரியணும், புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு அர்த்தம், போட்டோலயும் அப்படித்தான் விழும். கரண்ட்ல ஓடுற சீரியல் செட்டுலயும் நெறய இதே கேஸ்தான், பேட்டரில எரியுற செப்புக்கம்பி லைட்டு பரவால்ல. அப்புறம் ஒரே அமுக்குல அணையற டார்ச்சா பாத்து எடுங்க, சிலதுல அணைக்கணும்னா பளிச் பளிச்சுன்னு மின்னுற மோட தாண்டித்தான் போகணும், அதுக்குள்ள முழு படமும் நாசம், என்னக் கேட்டா டிசைன் பண்ணவங்களத்தான் ஒதைக்கணும். கலருக்கு கிஃப்ட் சுத்துற கலர் கண்ணாடி பேப்பர் போதும், செவுத்துக்கோ மரத்துக்கோ வெளிச்சம் அடிக்கணும்னா மட்டும்தான் கொஞ்சம் பெரிய டார்ச்சு.

கட்டுரைல ஸ்டீல் வூல் (மெல்லிசான இரும்பு நாரு) கொளுத்தி சுத்தற படத்த பெருசா போட்டீங்க, ஆனா காஞ்ச புல்லு பக்கத்துல அத பண்ணா தீ புடிச்சிக்கும்னு ஒரு வரி கூட இல்ல. லேசர் பாயின்ட்டரும் அப்படித்தான், லென்ஸ் மேல நேரா பட்டா கேமராக்குள்ள படத்த பதியற சென்சார் போயிடும், கண்ணுல பட்டா கண்ணே போகலாம். அடுத்த வாரம் இத சின்னதா ஒரு பெட்டிச் செய்தியாவாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்