சங்கரிக்கு

அன்புள்ள சங்கரி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

வெளிநாட்டுக்காரனிடம்கூட பேரம் படிந்துவிடுகிறது, நம் தலைமை அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் உயிர் போகிறது என்று போனில் புலம்பினாயே, அதிலிருந்து எனக்கு லியோனித் கிராசின் நினைப்புதான். லெனின் காலத்தில் சோவியத்தின் வெளிநாட்டு வணிகத்தைப் பார்த்துக்கொண்டவர்.

ஆள் போல்ஷெவிக்தான், அதாவது லெனின் கட்சிக்காரர், ஆனால் பொறியாளர். பாகுவில் மின்நிலையம் கட்டிக்கொண்டே கட்சியின் ரகசிய அச்சகத்துக்கும் உதவியவர். அப்புறம் சீமென்ஸ் நிறுவனத்தில் பெரிய பதவி. முதலாளிகளோடு அவர்கள் பாணியிலேயே கணக்குப் பேசத் தெரிந்தவர் என்பதால்தான் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் பேச லெனின் அவரை லண்டனுக்கு அனுப்பினார்.

1920 மே 31. பிரிட்டிஷ் பிரதமர் இல்லம். கிராசின் கையை நீட்ட, வெளியுறவு அமைச்சர் கர்சன் கண்டுகொள்ளாமல் நின்றாராம். பிரதமர் லாயிட் ஜார்ஜ் அதட்டிய பிறகே கைகுலுக்கினார் என்று சொல்வார்கள். அதே கர்சன்தான், நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்து வங்காளத்தைப் பிரித்தவர்!

பேச்சு ஒன்பது மாதத்துக்கு மேல் இழுத்தது. நடுவில் சோவியத்துக்கும் போலந்துக்கும் போர். ஜார் மன்னர் காலத்துக் கடனை யார் கட்டுவது என்று ஒரு சண்டை. ரஷ்யத் தங்கத்தைக் கையால் தொடவே மேற்கத்திய வங்கிகள் தயங்கின. இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் பிரிட்டனுக்கு எதிராகப் பிரசாரம் செய்யக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை. ஒருவழியாக 1921 மார்ச் 16 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. முறையான தூதரக அங்கீகாரம் வர 1924 ஆகிவிட்டது.

கர்சனைச் சமாளித்தவருக்கு மாஸ்கோதான் பெரிய தலைவலி. வெளிநாட்டு வணிகம் முழுக்க அரசின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கட்சித் தலைவர்களான புகாரினும் சோகோல்னிகோவும் எதிர்த்தார்கள். 1922 அக்டோபரில், லெனின் இல்லாத கூட்டத்தில், அந்த ஏகபோகத்தைத் தளர்த்தி முடிவெடுத்துவிட்டார்கள். கிராசின் விடவில்லை. லெனினும் நோய்ப் படுக்கையிலிருந்தே அவர் பக்கம் வாதாடினார். லினன் துணி நெய்யும் ஆளி நாரின் விலை ரஷ்யாவில் நாலரை ரூபிள், இங்கிலாந்தில் பதினான்கு. எல்லையைத் திறந்துவிட்டால் விவசாயி சரக்கை யாரிடம் கொடுப்பான் என்று கேட்டார். டிசம்பரில் பழைய முடிவு ரத்தானது. எனக்கு லண்டன் ஒப்பந்தத்தைவிட இதுதான் பெரிய வெற்றியாகத் தெரிகிறது.

1926 நவம்பரில், லண்டனில் தூதராக இருக்கும்போதே ரத்த நோயால் இறந்துபோனார். அடுத்த மே மாதமே லண்டனில் இருந்த சோவியத் வணிக நிறுவனத்தில் போலீஸ் சோதனை. பிரிட்டன் உறவையே முறித்துக்கொண்டது. இத்தனை பாடுபட்டுப் போட்ட ஒப்பந்தமும் அதோடு போயிற்று.

சரி, உன் கதைக்கு வருகிறேன். தலைமை அலுவலகத்துக்கு இனி நீள நீளமாக மெயில் அனுப்பாதே. அந்த ஆளி நார்க் கணக்கைப் போல இரண்டு விலையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பு. என்ன பதில் வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். அப்படியே பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்றும் கேட்டு வை. அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா