மூன்று சுழி 'ண'வை வெட்ட முடியாத ஸ்க்ரோல் சா: திரும்பப் பெறக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்

பொருள்: உள்வெட்டுக்கு உதவாத ஸ்க்ரோல் சா குறித்து

ஐயா,

இரண்டு வாரத்துக்கு முன் உங்களிடம் 16 அங்குல ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, மரத்தை வளைவு வளைவாக அறுக்கும் மோட்டார் இயந்திரம்) ஒன்று வாங்கினேன். மரப்பலகையில் தமிழ் எழுத்துகளை வெட்டிப் பெயர்ப்பலகை செய்வது என் பொழுதுபோக்கு. 'எவ்வளவு நுணுக்கமான வடிவமும், உள்வெட்டும்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

முதல் பலகையிலேயே மாட்டிக்கொண்டேன். பெயரில் ஒரு மூன்று சுழி 'ண' வருகிறது. எழுத்தின் உயரம் 2 அங்குலம். சுழிக்குள் இருக்கும் இடம் 4 மில்லிமீட்டர்தான். உள்வெட்டு என்றால், பலகையின் ஓரத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் வெட்டுவது. அதற்கு முதலில் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியே நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். உங்கள் இயந்திரமோ முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடை மட்டுமே ஏற்கிறது. அந்த ஊசி நுழைய 5 மில்லிமீட்டர் துளையாவது போட வேண்டியிருந்தது. போட்டேன். சுழியே காணாமல் போய்விட்டது!

அடுத்த பலகையில், ஊசியை இருபுறமும் அரத்தால் தேய்த்துக் குட்டையாக்கிப் பார்த்தேன். துளையில் நுழைந்தது, ஊசியைப் பிடிக்கும் கொக்கியில் நிற்கவில்லை. மோட்டாரைப் போட்டதும் பிளேடு டப்பென்று தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன். (இது என் தவறுதான், உங்கள் மேல் போடவில்லை.)

ஊசியில்லாத பிளேடு என்றால் இந்தத் தொல்லையே இல்லை. 3ஆம் எண் பிளேடு ஒன்றரை மில்லிமீட்டர் துளைக்குள் சுலபமாகப் போய்விடும். இரண்டு வகைக்கும் நீளம் அதே 5 அங்குலம்தான். பிடிக்கும் விதத்தில்தான் வித்தியாசம். 'ஊசி பிளேடு மட்டும்' என்று பெட்டியில் ஒரு வரி இருந்திருந்தால் வேறு மாடல் பார்த்திருப்பேன். அந்த வரி கையேட்டின் உள்ளே, பொடி எழுத்தில் இருக்கிறது.

இதைவிட எரிச்சலாக இருந்தது உங்கள் உதவி எண்ணில் கிடைத்த பதில். "துளையைப் பெருசா போடுங்க சார்" என்றார் ஒருவர். மறுநாள் பேசியவர், "அதுக்கு எங்க ஜிக்சா வாங்கிக்கலாமே" என்றார். ஜிக்சா என்பது கையில் பிடித்துப் பலகைமேல் நகர்த்தி அறுக்கும் மோட்டார் ரம்பம். அதன் பிளேடுக்குப் பிடிப்பு மேல்முனையில் மட்டும்தான். சின்ன வளைவில் திருப்பினால் அடிமுனை பின்தங்கி ஒருபக்கம் சாயும். மேலே கோடு சரியாக இருக்கும். பலகையைப் புரட்டினால் அங்கே வேறொரு எழுத்து இருக்கும். பெரும்பாலான ஜிக்சா பிளேடுகளில் பற்கள் மேல்நோக்கி வெட்டுவதால் முகப்பில் சிராயும் கிளம்பும். அகலமான வளைவுகளுக்கு அது நல்ல கருவி, மறுக்கவில்லை. நல்லவேளை, பேண்ட் சா வாங்கச் சொல்லவில்லை. அதன் பிளேடு முழு வளையம்; பலகையின் ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு வராமல் சுழிக்குள் போகவே முடியாது.

கடைசியில் அந்த 'ண'வை என் பழைய ஃப்ரெட் சாவில்தான் (வில் போன்ற சட்டத்தில் மெல்லிய பிளேடு மாட்டிய கை ரம்பம்) வெட்டினேன். ஊசியில்லாத பிளேடை இரண்டு முனையிலும் ஒரு பட்டாம்பூச்சி நட்டு இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை. ஒரு மணி நேரம் ஆனது, தோளும் வலித்தது. உங்கள் மோட்டார் இயந்திரம் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஊசியில்லாத பிளேடைப் பிடிக்கும் கிளாம்ப் இந்த மாடலுக்கு உங்களிடம் இருந்தால், மேலுக்கும் கீழுக்கும் சேர்த்துக் கட்டணமின்றி அனுப்பிவையுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன். இல்லையென்றால் உங்கள் செலவில் இயந்திரத்தை எடுத்துச்சென்று முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அப்புறம், பெட்டியில் உள்ள அந்த வாசகத்தையும் திருத்துங்கள்.

திருப்பி அனுப்பும் கெடு முடிய இன்னும் 12 நாள் இருக்கிறது. அதற்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். ரசீதின் நகலையும், சுழி போன 'ண'வின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்