குதிரையேறும் கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மாடிவீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன். நிதானமாகப் படி, முழுசாகப் படி.

சித்திரைத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. அழகர் பச்சைப்பட்டு உடுத்தித்தான் ஆற்றில் இறங்கினார். பெரியம்மாவும் நானும் கோரிப்பாளையம் பக்கம் நின்றிருந்தோம். தங்கக்குதிரை அசைந்து அசைந்து வந்தபோது சுற்றி எல்லோரும் கோவிந்தா போட, எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. பெரியம்மா சர்க்கரைச் செம்பைக் கையில் கொடுத்து "வேண்டிக்கோ" என்றாள். வேண்டிக்கொண்டேன்.

நீ அனுப்பிய போட்டோவை எல்லோருக்கும் காட்டிவிட்டேன். சிவப்பு மண், பின்னால் கம்பிவேலி, அந்தப் பழுப்புக் குதிரைமேல் நீ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிற அழகு. பால்காரர்கூட "நம்ம கயல் பாப்பாவா?" என்று இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். உன் தாத்தா ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியே நாலு பிள்ளைகளைக் கரையேற்றினார். குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தது, லாயம் கூட்டியது எல்லாம் நம் குடும்பத்தில் உண்டு. குதிரைமேல் ஏறி உட்கார்ந்த முதல் ஆள் நீதான். அதுவும் டெக்சாஸில். எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே.

ஆனால் தலையில் ஹெல்மெட் இல்லையே அம்மா. வெறும் தொப்பிதானே அது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். போன மாசமே சொல்லிவிட்டாய். அங்கே மாடு மேய்க்கிற தாத்தாக்களெல்லாம் தொப்பியோடுதான் ஏறுகிறார்கள், ஹெல்மெட் போட்டால் புதுசு என்று பார்ப்பார்கள், சட்டமும் கேட்பதில்லை, உன் குதிரைக்கு இருபது வயசு, சாது, நடக்கத்தான் நடக்கும். இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குதிரை சாதுவாக இருக்கலாம். தாத்தாவின் குதிரையும் சாதுதான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தால்கூட சும்மா நிற்கும். ஆனாலும் தாத்தா அதன் பின்னால் போகும்போது குரல் கொடுக்காமல், தட்டிக்கொடுக்காமல் போனதே இல்லை. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும், ஆனால் நேர் பின்னாலும் மூக்குக்குக் கீழேயும் அதற்குத் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் பறந்து வந்தால் போதும், துள்ளி ஒதுங்கிவிடும். ஓடித் தப்பித்தே பிழைத்த பிராணி, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஜட்காக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியது அதனால்தான்.

மிரளக்கூட வேண்டாம், கால் தடுக்கினால் போதும். கோர்ட்னி கிங் டை என்று ஒரு அமெரிக்கப் பெண், 2008 ஒலிம்பிக்ஸில் உங்கள் நாட்டுக்காகக் குதிரையேறியவள். (பார், நானே "உங்கள் நாடு" என்று எழுதிவிட்டேன்.) 2010 மார்ச்சில் ஃபுளோரிடாவில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது குதிரை தன் காலிலேயே தடுக்கி விழுந்தது. போட்டி இல்லை, தாண்டல் இல்லை. அவள் தலையில் ஹெல்மெட் இல்லை. ஏறக்குறைய ஒரு மாசம் நினைவில்லாமல் கிடந்தாள். எழுந்த பிறகு நடக்கவும் பேசவும் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒலிம்பிக்ஸ் வரை போனவள் அவள். நீ ஏறக் கற்றுக்கொண்டது போன தீபாவளிக்குத்தான்.

அவள் விழுந்த பிறகுதான் அந்த உலகத்தில் நிறையப் பேர் யோசிக்க ஆரம்பித்தார்கள். டிரெஸ்ஸாஜ் என்று, குதிரையை அழகாக நடத்திக் காட்டுகிற அவளுடைய ஆட்டத்தில் உயரமான கறுப்புத் தொப்பி போடுவதுதான் கௌரவம் என்று காலகாலமாக இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் சார்லட் துஜார்டின் என்ற பெண் ஹெல்மெட்டோடு வந்து தங்கம் வாங்கினாள். 2021 ஜனவரியிலிருந்து சர்வதேசப் போட்டிகளில் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம், அந்த உயரத் தொப்பிக்கு இடமே இல்லை. அவர்களுக்கு இல்லாத கௌரவமா உனக்கு? யார் புதுசு என்று பார்த்தால் என்ன? புதுசுதானே நீ?

இங்கிலாந்து ராணி 94 வயசில் தலையில் வெறும் ஸ்கார்ஃபோடு குதிரை ஏறினாரே என்று கேட்டாய். ஆமாம், நானும் அந்தப் படம் பார்த்தேன். சின்னக் குழந்தையிலிருந்து ஏறியவர், ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்தார், சந்தோஷம். ஒன்றும் ஆகாதவர்களை வார்டில் பார்க்க முடியாது கயல். நர்ஸாக நான் பார்த்ததெல்லாம் வார்டுக்கு வந்தவர்களைத்தான்.

ஹெல்மெட் போட்டாலும் எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்க முடியாது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ கண்டுபிடித்து என்னிடம் சொல்வதற்கு முன்னால். கிறிஸ்டோபர் ரீவ் என்ற நடிகர் 1995-ல் போட்டியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் விழுந்தார். தடை முன்னால் குதிரை சட்டென்று நின்றுவிட்டது, கை கடிவாளத்தில் மாட்டிக்கொண்டது, தலைகீழாக விழுந்தார். கழுத்தெலும்பு போய்விட்டது, கடைசிவரை சக்கர நாற்காலிதான். ஹெல்மெட் கழுத்தைக் காப்பாற்றாது. மண்டையைக் காப்பாற்றும். கை ஒடிந்தால் கட்டுப் போடலாம், கால் ஒடிந்தால் தகடு வைக்கலாம். மூளையில் செத்துப்போன இடத்துக்கு மாற்று எதுவும் கிடையாது. இதை எத்தனை அம்மா அப்பாக்களிடம் டாக்டர் சொல்லும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

சித்தப்பாவின் ஹெல்மெட் இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது எடுத்துத் துடைத்து வைத்தேன். ஒரு கீறல் இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தால் எப்படிக் கீறல் விழும்? "தெருமுனைவரைக்கும்தானே அண்ணி" என்றார். நீ "நடக்கத்தான்மா நடக்கும்" என்று சொன்னபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. வேண்டாம், இதை விடு.

வாங்கும்போது பார்த்து வாங்கு. 2015 ஜூலையில் ஹைகோர்ட் உத்தரவு வந்து எல்லோரும் ஹெல்மெட் வாங்கியபோது ரோட்டோரத்தில் குவித்து வைத்து விற்றார்களே, அது போலீஸுக்காக வாங்கியது, தலைக்காக இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. உங்கள் ஊரில் குதிரை ஹெல்மெட்டுக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 என்று ஒரு தரம் உண்டு. உள்ளே அந்த எண்ணும் எஸ்.இ.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார். நீ காலேஜுக்கு சைக்கிளில் போகும்போது போடுகிற ஹெல்மெட் இதற்கு ஆகாது. குதிரை ஹெல்மெட் பின்மண்டையில் இன்னும் கீழே இறங்கி இருக்கும், லாடம் மாதிரி கூர்மையான விளிம்பு பட்டாலும் தாங்குமா என்று சோதித்துத்தான் அந்த முத்திரை கொடுக்கிறார்கள்.

உள்ளே இருக்கிற வெள்ளை நுரைதான் முக்கியம். அடியை அது நசுங்கி வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான், வெளியே ஓடு புதுசு மாதிரிதான் தெரியும். அதனால் விழுந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதே, யாரோ போட்டதை வாங்காதே, விழாவிட்டாலும் ஐந்து வருஷத்தில் மாற்று. டெக்சாஸ் வெயிலில் காருக்குள் போட்டுவிட்டுப் போகாதே. முன்பக்கம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம்தான் இருக்க வேண்டும். பிடித்து ஆட்டினால் நெற்றித்தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாமல் போடுவது போடாததற்குச் சமம்.

அப்புறம் உன் முடி. உச்சியில் கொண்டை போட்டு அதன்மேல் கவிழ்த்தால் ஹெல்மெட் தூக்கிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு நான் போட்டுவிடுவேனே, அந்த மாதிரி பிடரியில் ஒற்றைச் சடை தாழப் பின்னிக்கொள். எண்ணெய் வைக்கிறாயா இல்லையா தெரியவில்லை, போட்டோவில் முடி காய்ந்துபோய்த் தெரிகிறது. ஷூவுக்குக் குதிகால் இருக்கட்டும், தட்டை ஷூவாக இருந்தால் கால் வைக்கிற அங்கவடிக்குள் கால் நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு போய்விடும். ஹெல்மெட் போடு. நடந்தாலும் போடு, ஏறி உட்கார்ந்து போட்டோ மட்டும் எடுப்பதாக இருந்தாலும் போடு, லாயத்தில் குளம்பு சுத்தம் பண்ணும்போதும் போடு.

கயல், இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நீ கேமராவைப் போடவில்லை. கெட்டுப்போய்விட்டது என்றாய். சரி என்றேன். ஆனால் உன் சிநேகிதி போட்ட போட்டோவில் அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். தலைவலி, அதனால் லேப்பிற்குப் போகவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. போன ஞாயிறு "அப்பாவுக்குப் பல்வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். பிடுங்கிவிட்டார்கள், கஞ்சி குடிக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அதே குரலில், "அப்பாவுக்குப் பல்வலி எப்படிம்மா இருக்கு?" என்று மறுபடி கேட்டாய்.

எனக்குக் கை சில்லிட்டுப்போய்விட்டது. திரும்பவும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வார்டில் கேட்டதையே திரும்பக் கேட்கிறவர்களை நாங்கள் குறித்து வைப்போம். நடந்து வந்து, சிரித்துப் பேசி, "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், வீட்டுக்குப் போறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பையன் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறான். மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மண்டையோட்டுக்குள் ரத்தம் மெல்லச் சேர்கிறபோது இடையில் கொஞ்ச நேரம் ஆள் தெளிவாகத்தான் இருப்பான். உனக்கு அப்படி இருக்காது, அப்படி இருந்தால் இத்தனை நாள் பேசியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் ரத்தம் கட்டாவிட்டாலும் மூளை அதிர்ந்திருந்தால் இப்படித்தான் வெளிச்சம் கண்ணைக் குத்தும், தலை வலிக்கும், மறக்கும். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் முதல் அடியைவிட மோசம். சின்ன வயசுக்காரர்களுக்கு ரொம்ப மோசம்.

விழுந்தாயா என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாய், அப்புறம் நீ சொன்ன பொய்யை நீயே காப்பாற்ற வேண்டியிருக்கும். உன் யுனிவர்சிட்டி டாக்டரிடம் நாளைக்கே போ. எப்போது, எப்படி, நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாயா, எல்லாவற்றையும் அவரிடம் உள்ளபடி சொல். அவர் ஏறலாம் என்று சொல்லும்வரை குதிரைப்பக்கம் ஏறப் போகாதே, ஹெல்மெட்டோடும் வேண்டாம். போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு வா, அவ்வளவுதான். தலைவலி அதிகமானாலோ, வாந்தி வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போனாலோ, தூக்கம் அசத்தினாலோ, காலைவரை காத்திருக்காதே, அந்தச் சிநேகிதியை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போ. இன்ஷூரன்ஸ், செலவு எதையும் யோசிக்காதே. நகை இருக்கிறது.

குதிரையை விடச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு நீயும் விட்டுவிடாதே. நீ அந்தப் போட்டோவில் சிரித்த மாதிரி பத்தாவது ரிசல்ட் வந்தபோதுகூடச் சிரிக்கவில்லை.

ஹெல்மெட்டுக்குப் பணம் அப்பாவை விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். புத்தகம் வாங்க என்று சொல்லியிருக்கிறேன், அவருக்கு இந்தத் தலைவலி விஷயம் எதையும் சொல்லவில்லை, பிரஷர் இருக்கிறது. டாக்டர் சொன்னதை எனக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் போடு, சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. எனக்கு அந்த இங்கிலீஷ் புரியும்.

அன்புடன்,
அம்மா