குன்றக்குடி ஆட்டோ அண்ணனுக்கு

அண்ணே, உங்க பேர் தெரியல, மஞ்ச ஆட்டோ, கண்ணாடில முருகன் துணைன்னு எழுதிருக்கும்னு ஆயா சொன்னாக. எங்க ஆயாவுக்கு 84 வயசு. அவுகளுக்கு முப்பத்திரண்டு வயசுல ஐயா (எங்க தாத்தா) போய்ட்டாக, அப்புறம் கல்யாண வீடுகளுக்கு மனகோலம், சீப்புச்சீடைன்னு பலகாரம் சுட்டுக் குடுத்தே நாலு பிள்ளைகளை ஆளாக்குனவுக, இன்னைக்கும் ஓலைக்கொட்டான், அதான் ஓலைக்கூடை, அவுகளே பின்னுவாக.

போன கார்த்திகைக்கு விரதம்னு சாப்பிடாம, ஆனா சுகர் மாத்திரைய மட்டும் போட்டுட்டு தனியா பஸ் ஏறி குன்றக்குடிக்குப் போயி மலையடிவாரத்துல சுகர் இறங்கி மயங்கி உக்காந்துட்டாக. சுத்தி எவ்வளவோ கூட்டம். நீங்கதான் இறங்கி வந்து, சுகர் இருக்கா ஆத்தான்னு கேட்டு, டீக்கடைல சர்க்கரைத் தண்ணி வாங்கி கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சு, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கீங்க. அவுக பட்டன் போன்ல கடைசியா இருந்த நம்பர் என்னோடது, நான் சென்னைல, "பயப்படாதீங்க தம்பி, ஆத்தா பேசுறாங்க"ன்னீங்களே, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

தேவகோட்டைல இருந்து மாமா வர்ற வரைக்கும் கூடவே இருந்தீங்க. காசு வாங்கல. அதுக்கும் மேல, கொட்டான் படியிலேயே கிடக்குன்னு ஆயா புலம்பவும் மறுபடியும் குன்றக்குடி போயி அத எடுத்துட்டு வந்து குடுத்திருக்கீங்க, உள்ள இருந்த திருநீறு கூட கொட்டல. இத யாருண்ணே சொல்லிச் செய்வா?

ஆயா நல்லா இருக்காக. உங்களுக்குன்னு ஒரு புதுக் கொட்டான் பின்னி வச்சிருக்காக, அடுத்த கார்த்திகைக்கு நானும் கூட வர்றேன், அதே டீக்கடைகிட்ட நிப்போம் அண்ணே.